இரண்டு கொடிக்கும் ஒரே அளவு

பிப்ரவரி 20, வியாழன்

நீயே சொல்லு சாமி, இரண்டு பெண்பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போகிறவள் திரும்பி வராமல் அங்கேயே உட்கார்ந்துகொள்வாளா? அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது தடவையாக. "நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்று நம்பப் போதுமான காரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை." கீழே நம் மொழியிலும் அச்சடித்திருந்தது. பெரியவள்தான் படித்துக் காட்டினாள். பத்து வயசுப் பிள்ளை, தன் அம்மாவுக்கு விசா இல்லை என்று வந்த கடிதத்தை ஒரு தடுமாற்றம் இல்லாமல் கடகடவென்று படித்துவிட்டு, "அத்தை, காரணம்னா... நானும் தங்கச்சியும் காரணம் இல்லையா?" என்றாள்.

கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து உறைக்குள் வைத்தேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் மூச்சு விட முடிகிறது. தம்பி அந்த நாட்டில் சாரம் கட்டுகிற வேலைக்குப் போய் இரண்டு வருஷம். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இருபத்து மூன்று நாள். இடுப்பு முறிந்திருக்கிறது, தலையில் அடி. உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. பக்கத்தில் ஒரு சொந்தம் கிடையாது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற கண்ணாடிக்காரத் தம்பி மட்டும் வேலை முடிந்து போய்ப் பார்க்கிறான். என் தம்பி பொண்டாட்டி போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கடிதம் வந்த கையோடு நான் தையல் கடைக்கு வேலைக்குப் போனால், முதலாளி முகமெல்லாம் பல். "எல்லாரும் மெஷினை நிறுத்துங்க! பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் ஓரமா வெச்சிடுங்க. பெரிய வேலை வந்திருக்கு." என்ன வேலை? அதே நாட்டுக்கு மார்ச் பத்தொன்பதில் சுதந்திர தினம். நம் நாட்டோடு நட்பு தொடங்கி நாற்பது வருஷமும் ஆகிறதாம். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து இங்கே விழா எடுக்கிறார்கள். மேடைக்குப் பெரிய கொடி இரண்டு, மேஜைக்குச் சின்னக் கொடி இருநூறு ஜோடி, பின்னால் கட்ட ஒரு பேனர்.

பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள் என் காதில் சொன்னாள்: "அவங்க கதவைச் சாத்துவாங்க. நீங்க அந்தக் கதவுக்குத் தோரணம் தைங்கக்கா."

சிரித்தாயா சாமி? சிரித்திருப்பாய்.

பிப்ரவரி 22

கண்ணாடிக்காரத் தம்பி போனில் முகம் காட்டினான். என் தம்பி என்று சொன்னால்தான் தெரியும், அப்படி இருக்கிறான். தலையில் மயிரே இல்லை. தம்பி பொண்டாட்டி, "என்னங்க, நான்தாங்க" என்றாள். கண் திரும்பியது. சத்தியமாகத் திரும்பியது. நான் கூப்பிட்டபோது திரும்பவில்லை. பரவாயில்லை. அவள் கூப்பிட்டுத் திரும்பினால் போதும்.

பிப்ரவரி 26

அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். விழாவில் யார் எங்கே நிற்பது, எது எந்தப் பக்கம் இருப்பது என்று பார்க்கிற அதிகாரியாம். சட்டைப் பையில் ஒரு இரும்பு டேப்பு. எதைப் பார்த்தாலும் அளக்கிறார். எங்கள் வாசல்படியைக்கூட அளந்தார். அவர் மாடிப்படி இறங்குவதற்குள் காஜாக்காரி பெயர் வைத்துவிட்டாள், டேப்பு சார்.

அவர் நின்றுகொண்டே எங்களுக்குப் பாடம் எடுத்தார். "ரெண்டு கொடியும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே உயரம். ஒரு விரக்கடை கூடினாலும் குறைஞ்சாலும் தப்பு. ரெண்டுமே ஜனநாயக நாடு. ஒண்ணுக்கொண்ணு சமம். புரியுதா?"

"அவங்க நாட்டுக்காரங்க இங்க வரணும்னா எத்தனை தடவை எழுதிப் போடணும் சார்?" இது நான். வாய் சும்மா இருக்காதே.

"எதுக்கு எழுதணும்? ஏர்போர்ட்ல இறங்கினா முத்திரை குத்தி உள்ளே விடுவாங்க."

"நாங்க போகணும்னா?"

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அம்மா, நான் கொடிக்கு மட்டும்தான் பொறுப்பு."

மார்ச் 1

இன்று வீட்டில் வெடித்துவிட்டது. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "நீங்கதானே அண்ணி அனுப்பி வெச்சீங்க. நட்பு நாடு, பயமே இல்லை, நம்ம ஆளுங்களைத் தங்கமா வெச்சுப்பாங்கன்னு சொன்னீங்க."

ஆமாம். சொன்னேன். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயசு, எனக்கு இருபத்தொன்று. சோறு ஊட்டி வளர்த்தவள் நான்தான் என்பதால் எல்லாவற்றையும் நானே முடிவு பண்ணினேன். இவளை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. உன் முன்னால் விளக்கேற்றி, சரியா தப்பா என்று உன்னை மட்டும் கேட்டேன். நீயும் சும்மா இருந்தாய்.

மார்ச் 5

இன்று ஒரு கூத்து.

அவர்கள் கொடிக்கு அவர்களே துணி அனுப்பியிருந்தார்கள். மினுமினுவென்று வழுக்கிக்கொண்டு போகிற துணி. நம் கொடிக்கு நம் பருத்தித் துணிதான், அது விதி. இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, பித்தளை வளையம் அடித்து, டேப்பு சார் வருவதற்கு முன்னால் ஆவி இஸ்திரி போட்டோம். விரித்துப் பார்த்தால் நம் கொடி நாலு விரல் குறைந்திருக்கிறது! ஆவி பட்டதும் பருத்தி சுருங்கிவிட்டது. அவர்கள் துணி ஒரு நூல்கூட அசையவில்லை.

"நம்ம நாடு சூடு பட்டாச் சுருங்குது, அவங்க நாடு அசரவே இல்லையே" என்றாள் காஜாக்காரி. முதலாளிக்கு வியர்த்து ஊற்றுகிறது. டேப்பு சார் வந்தார், அளந்தார், மறுபடி அளந்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நம் கொடியை மறுபடி தைத்தாலும் மறுபடி சுருங்குமே. வெட்டுகிற மாஸ்டர், "அவங்க கொடியை நாலு விரல் வெட்டிடலாமா?" என்று கேட்டதற்கு டேப்பு சார் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே எரித்துவிடுவதுபோல.

நான்தான் சொன்னேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது. வெட்டுவதற்கு முன்னால் துணியை ஊறவைத்துவிட வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டுமோ சுருங்கி முடித்துவிடும், பிறகு சுருங்காது. பீரோவில் மிச்சமிருந்த பருத்தியை எடுத்தேன். அவர்கள் துணியிலும் ஒரு கொடிக்கு மிச்சம் இருந்தது. இரண்டும் ஒரே பக்குவத்தில் இருக்கட்டும் என்று ஒரே தொட்டியில் அமுக்கி ஊறவைத்து, வெயில் படாமல் உள்ளே கயிற்றில் போட்டேன். காய்ந்த பிறகு வெட்டித் தைக்கலாம் என்றேன்.

டேப்பு சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது முதலாளியிடம் சொன்னார்: "கொடியைத் தூதர் கையில யார் கொடுக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தோம். இந்த அம்மாவே கொடுக்கட்டும். தைச்ச கை. நல்லாயிருக்கும்."

சாமி! தூதர்! அந்த நாட்டுக்கே ஆள்! விசா ஆபீஸே அவருக்குக் கீழேதான்.

மார்ச் 6

சொன்னதும் தம்பி பொண்டாட்டி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறு நாளாக என் முகத்தைப் பார்க்காதவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கேட்டுடுவீங்களா? நிஜமா கேட்டுடுவீங்களா?"

"கேக்காம? அதுக்குத்தானே இந்த வாயைக் கொடுத்திருக்கான் சாமி."

பெரியவள் நோட்டில் எழுதினாள், மூன்று வரி. நீளமாகப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள், என்னைத் தெரிந்த பிள்ளை. "ஐயா, என் தம்பி உங்கள் நாட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் மனைவிக்கு மூன்று தடவை விசா மறுத்துவிட்டார்கள். ஒரு மாதம் மட்டும் அனுப்பி வையுங்கள், அவள் பிள்ளைகளுக்காகத் திரும்பி வருவாள்." கீழே விண்ணப்ப எண். இதை ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். சின்னவள் தூதராக நின்றாள், தலையணையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் "சரி, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டாள். நாலு வயசு.

மார்ச் 9

முதலாளி தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். மேடையில மனு கினுன்னு எதையும் நீட்டிடாதீங்க. பேரு கெட்டுப்போச்சுன்னா அடுத்த வேலை வராது. பன்னிரண்டு பொம்பளைங்க இங்க இருக்கீங்க."

தலையாட்டினேன். மனசுக்குள் சாமி, உன் மேல் ஆணையாகக் கேட்டே தீருவது என்று நினைத்துக்கொண்டேன். காஜாக்காரியும் அதையேதான் சொன்னாள். "வேலை போனா போகுதுக்கா. காஜா எடுக்கிறவளுக்கு எங்க போனாலும் ஓட்டை கிடைக்கும்."

மார்ச் 12

நேர்ந்துகொண்டேன். அவள் கையில் விசா வருகிறவரைக்கும் எனக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15

கண்ணாடிக்காரத் தம்பி: "தலையில இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்கக்கா. மாசக் கடைசியில. வர்றதுன்னா அதுக்குள்ள வந்துடச் சொல்றார் டாக்டர்."

மார்ச் 19, புதன்

இன்றைக்கு எழுத முடியவில்லை. கேட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லியாச்சு.

மார்ச் 20

கேட்கவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நீயும் அங்கேதான் இருந்திருப்பாய். இருந்தாய்தானே? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய மண்டபம். நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்ன மரப்பீடத்தில் எங்கள் கொடி ஒரு ஜோடி. மேடைக்குப் பின்னால் பேனர்: "இரு நாடு, ஒரே குடும்பம்". அதில் "குடும்பம்" இருக்கிற பக்கத்தை ஓரம் தைத்தவள் நான்தான். இரண்டு நாட்டுப் பாட்டும் போட்டார்கள், எழுந்து நின்றோம். நம் மந்திரி பேசினார். மக்கள் ஓட்டுப் போட்டு நடத்துகிற இரண்டு நாடு, நாற்பது வருஷமாகத் தோளில் கை போட்டு நடக்கிறோம், நமக்குள் கதவே கிடையாது என்றார். கதவே கிடையாது! எல்லாரும் தட்டினார்கள். சீட்டு மடித்து என் உள்ளங்கையில் இருந்ததால் நான் தட்டவில்லை.

கூப்பிட்டார்கள். ஏறினேன். அந்த மூன்று வரியும் நாக்கு நுனியில் நின்றது. தூதர் நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு, தலை மட்டும் வெள்ளை. கொடியை இரண்டு கையாலும் வாங்கி, என் உயரத்துக்குக் குனிந்து, கும்பிட்டு, நம் மொழியிலேயே, "வணக்கம் அம்மா. நன்றி அம்மா" என்றார்.

மண்டபம் முழுக்க "ஆஹா" என்றது.

என்னை யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை சாமி. அவர் இருந்தவரைக்கும் — என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன் — ஒரு காபிக்கு நன்றி சொன்னதில்லை. எனக்கு உடம்பெல்லாம் என்னமோ ஆகிவிட்டது. பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண் சிரித்த முகமாக நின்றாள். தூதர் ஏதேதோ கேட்டார், நான் ஏதேதோ சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். கொடி எப்படித் தைத்தீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குச் சொல்லவா வேண்டும்! ஆரம்பித்துவிட்டேன். நம் துணி சுருங்கினது, நாலு விரல், மாஸ்டர் வெட்டிவிடலாமா என்றது எல்லாம். கடைசியில், "ரெண்டையும் ஒரே தண்ணியில ஊறவெச்சு, ஒரே நிழல்ல காயவெச்சோம் சார். அதுக்கப்புறம்தான் அளவு ஒண்ணாச்சு" என்றேன். அந்தப் பெண் அதைச் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மந்திரி எழுந்தார், தூதரும் தட்டினார். போட்டோ, போட்டோ, போட்டோ. டேப்பு சார் ஓரத்திலிருந்து இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இறங்கிவிட்டேன்.

கீழே வந்து உட்கார்ந்தேன். யாரோ ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் உள்ளங்கை ஈரமாக இருப்பது தெரிந்தது. சீட்டு. பெரியவள் எழுதிய மை என் கையெல்லாம்.

மறுபடி மேலே போகலாம் என்று எழுந்தேன். தூதரைச் சுற்றி இருபது பேர். போனேன் — ஒரு ஆள், "அம்மா உங்க நிகழ்ச்சி முடிஞ்சது" என்று கதவுப் பக்கம் காட்டினார்.

வீட்டு வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். சின்னவள் முதற்கொண்டு.

"கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பார்க்கிறேன்னு சொன்னார்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்.

நானாகப் போய் எப்படிச் சொல்வது? என்னை யாரும் கேட்கவில்லையே. கொடியைப் பற்றித்தானே கேட்டார்கள். உன் வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

மார்ச் 21

பேப்பரில் போட்டோ. "ஒரே தண்ணீர், ஒரே நிழல்" என்று பெரிய எழுத்தில். தூதர் கும்பிட, நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். முதலாளி அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். காஜாக்காரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டீங்களாக்கா?" என்றுகூடக் கேட்கவில்லை. அவள் மேடைக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 24

தம்பி பொண்டாட்டி நான்காவது தடவை விண்ணப்பம் போட்டாள். பேப்பர் போட்டோவையும் வெட்டி இணைத்தாள். "எங்க அண்ணி இவங்க. தூதர் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்" என்று கவுண்டரில் சொன்னாளாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் போட்டோவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆவணம் இல்லைங்க" என்று கீழே இருக்கிற சந்து வழியாகத் திருப்பித் தள்ளினாராம். இருந்தாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அவள் நம்பிக்கையோடு வந்தாள். "அவர் மேலேருந்து சொல்லிடுவார் அண்ணி. கீழே இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

நான் பார்சல் நூல் தேடுவதுபோல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

மார்ச் 27

பெட்டி கட்டிவிட்டாள். குளிர் ஊராம், என் கம்பளியைக் கேட்டாள். கொடுத்தேன்.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? விசா வந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே. வந்துவிடும் சாமி, நீ மனசு வைத்தால் வந்துவிடும். நான் பண்ணின தப்புக்கு அவளைத் தண்டிக்காதே. மத்தியானம் இன்னும் சாப்பிடவில்லை, கணக்கில் வைத்துக்கொள்.

மார்ச் 30

ஆபரேஷன் நடந்தது. கண் திறக்கவில்லை என்கிறான் கண்ணாடிக்காரத் தம்பி.

ஏப்ரல் 3

வந்தது. அதே காகிதம், அதே வரி. எங்கள் நாட்டுக்குத் திரும்புவோம் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. இந்தத் தடவை படிக்கச் சொல்லவில்லை, பெரியவளே உறையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

தம்பி பொண்டாட்டி அந்தப் பேப்பர் போட்டோவை எடுத்துத் தூதர் முகத்தில் துப்பினாள். "வாயால பார்க்கிறேன்னு சொன்னியே, நீயெல்லாம் மனுஷனா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். எச்சில் என் முகத்திலும்தான் பட்டது, அந்தப் போட்டோவில்.

ஏப்ரல் 6

தம்பி போயிட்டான்.

ஏப்ரல் 15

ஏர்போர்ட்டில் சரக்கு இறக்குகிற பக்கம் போய் வாங்கிக்கொண்டோம். பெட்டி மேல் அந்த நாட்டு முத்திரை, நம் நாட்டு முத்திரை, பக்கத்தில் பக்கத்தில். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு கேள்வி இல்லை. திரும்பி வருவான் என்று நம்பினார்களோ இல்லையோ, திருப்பி அனுப்ப எவ்வளவு சுருக்காக வேலை பார்க்கிறார்கள்! அவனுடைய கம்பெனியிலிருந்து ஒரு அனுதாபக் கடிதம். கீழே "நம் இரு நாட்டு நட்பின் பெயரால்" என்று. என்ன நட்போ, என்ன பெயரோ. எனக்கு வாயில் வருவதை எழுதினால் இந்த நோட்டு தாங்காது.

சின்னவள், "பெட்டியைத் திறந்தா அப்பா சரியாயிடுவாரா அத்தை?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 21

இன்று மத்தியானம் சாப்பிட்டேன். விசா இனி எதற்கு?

உன்னிடம் சண்டை போட ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ திரும்பிக் கேட்டால்? "உனக்கு மேடை கொடுத்தேன், ஆளைக் குனிய வைத்தேன், வாயையும் கொடுத்தேன், இன்னும் நான் என்னடி செய்யணும்?" என்று நீ கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அவர்கள் கேட்கவில்லை என்பேன். என்னைக் கேட்கவே இல்லை என்பேன். அதுதான் உண்மை. அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மே 12

தம்பி பொண்டாட்டியும் எங்கள் கடைக்கே வேலைக்கு வந்துவிட்டாள். வேறு வழி? முதலாளி நல்ல மனசுக்காரர், உடனே சேர்த்துக்கொண்டார். என் மெஷினுக்கு அடுத்த ஸ்டூல். பிசிறு வெட்டுகிறாள். கத்தரி நன்றாக ஓடுகிறது. வந்தவுடன் சட்டம் போட்ட போட்டோவைப் பார்த்தாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலி போட்டு ஏறி அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். காஜாக்காரி எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், அவள் விழுந்துவிடாமல்.

ஜூன் 9

டேப்பு சார் வந்தார். இப்போது நம் நாட்டுச் சுதந்திர தினத்துக்கு அவர்கள் விருந்து வைக்கிறார்களாம், தூதர் வீட்டுத் தோட்டத்தில். மறுபடி கொடி, மறுபடி பேனர். "தூதரே உங்களைக் கேட்டார்மா! அந்த ஒரே தண்ணி ஒரே நிழல் அம்மா வரணும்னு சொல்லிட்டார். போன தடவை மாதிரியே வந்து கலகலன்னு பேசுங்க. எல்லாரையும் எப்படிச் சிரிக்க வெச்சீங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஸ்டூலில் கத்தரி நின்றது. தம்பி பொண்டாட்டி நிமிர்ந்தாள்.

"எதுக்கு சார் பேசணும்? போன தடவை எங்க அண்ணி கேட்டாங்களே, உங்க தூதர் செஞ்சாரா? பார்க்கிறேன்னு சொன்னாரே, பார்த்தாரா?"

டேப்பு சார் முழித்தார். "கேட்டாங்களா? என்ன கேட்டாங்க? நான் பக்கத்துலதானேம்மா நின்னேன்..."

"சார், அளவு சொல்லுங்க சார்," என்றேன். "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எழுதிக்கிறேன்."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டேப்பை இழுத்து மேஜையின் மேல் வைத்தார். நான் எழுதினேன். காஜாக்காரி குனிந்த தலை நிமிரவில்லை. அவளைத்தான் தம்பி பொண்டாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள், ரொம்ப நேரம். பிறகு கத்தரியை எடுத்தாள்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தான் வெயிலைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, பெரியவளுக்குப் புதுச் செருப்பு வாங்குவது பற்றி என்று பேசிக்கொண்டே வந்தேன்.

தட்டு வைத்தாள். எல்லாருக்கும் வைத்ததுபோலவே எனக்கும் வைத்தாள், குறை சொல்ல முடியாது. வைத்துவிட்டு, நான் அங்கேயே, கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்க, பெரியவளைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க அத்தையைச் சாப்பிடச் சொல்லு."

ஜூன் 11

மூன்று நாளாக அப்படித்தான். "உங்க அத்தைகிட்ட சாவி கேளு." "உங்க அத்தைக்குத் தண்ணி கொடு." அண்ணி என்ற வார்த்தை இந்த வீட்டில் இல்லை. சின்னவளுக்கு இது விளையாட்டாக இருக்கிறது, ஓடி ஓடி வந்து சொல்கிறாள்.

விருந்துக்கு வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கொடி மட்டும் தைக்கிறேன். துணி தொட்டியில் ஊறுகிறது. அமுக்கிக்கொண்டே நின்றபோது டேப்பு சார் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரையும் எப்படிச் சிரிக்க வைத்தீர்கள் என்றாரே. தண்ணி, நிழல் என்று சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குக் கைதட்டினார்கள். சிரித்தது அதற்கு முன்னால். கொடியைக் கொடுத்தவுடனே. அப்போது நான் என்ன சொன்னேன்? அப்படிச் சிரிக்க என்ன இருந்தது?

இப்பத்தான் ஞாபகம் வருது சாமி. அவர் கேட்டார். அந்தப் பொண்ணு தெளிவா நம்ம பேச்சுல எங்கிட்ட சொல்லுச்சு: "அம்மா, எங்க நாட்டுல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு தூதர் கேக்கறார்." நான், "இல்லாம என்ன, இதோ நீங்கதான் இருக்கீங்களே!"ன்னு சொன்னேன்.